ஜெனோவாவில் கப்பல் பார்த்துக்கொண்டு

ஜெனோவாவில் லிஃப்டும் டவுன் பஸ் கணக்கில்தான் சேரும். நகரப் பேருந்துகளை ஓட்டுகிற நிறுவனமே லிஃப்ட்களையும் நடத்துகிறது. போர்த்தெல்லோ சதுக்கத்தில் இறங்கினால் எதிரே மலையைக் குடைந்த ஒரு வாசல். உள்ளே ஓடு பதித்த நீண்ட நடை. அதன் கோடியில் லிஃப்ட் நிற்கும். காய்கறிப் பையோடு பாட்டிகள், புத்தக மூட்டையோடு பிள்ளைகள், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் என எல்லாரும் ஏறுவார்கள். கதவு மூடித் திறந்தால் ஊரின் கூரைகளுக்கு மேலே வந்து நிற்போம். இந்த காஸ்தெல்லெத்தோ லிஃப்ட் 1909இல் வந்தது. மேலே கண்ணாடியும் இரும்புமாக அதன் நிலையம் இன்னும் அந்தக் காலத்து அழகோடு இருக்கிறது.

மலை நேராக வந்து கடலில் இறங்குகிற ஊர் அது. நடுவில் சமதரை என்று இருப்பது ஒரு கீற்றுதான். அந்தக் கீற்றில் துறைமுகமும், ஏழெட்டு மாடி வீடுகள் நெருக்கியடிக்கும் பழைய ஊரும் இருக்கின்றன. சில சந்துகளில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். இடம் போதாமல் ஊர் மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சரிவில் இருக்கும் சில வீடுகளுக்கு மேல்தெருவிலிருந்து ஒரு சின்னப் பாலம் வழியாக உச்சி மாடிக்குள் நுழைந்து, அங்கிருந்து கீழே இறங்கிப் போகிறார்கள். இப்படி ஒரு ஊரில் வயதானவர்கள் எப்படி இருப்பது? அதற்குத்தான் இத்தனை லிஃப்ட்கள், கயிறு இழுத்துச் சரிவில் ஏறும் இரண்டு ஃபுனிக்குலர் ரயில்கள், ஒரு பல்சக்கர ரயில் எல்லாம். என் முழங்கால் சொல்பேச்சுக் கேட்காமல் போய் சில வருஷம் ஆகிறது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஒரு மலை நகரத்தில் தினமும் மேலும் கீழும் போய்வந்தேன் என்றால் அது அந்த ஊர் செய்த மரியாதை.

நாங்கள் இருவரும் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மும்பைதான், வடாலாவை ஒட்டிய அண்டாப் ஹில். நான் ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில், டாக் என்கிற கப்பல் துறையில் வேலை பார்த்தவர். மகள் மிலானில் இருக்கிறாள். மே மாதம் அவளிடம் போயிருந்தபோது, "ரெண்டு பேரும் இங்க வந்தும் எனக்கு மாவரைச்சுக் குடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்காதீங்க" என்று சொல்லி, ஜெனோவாவில் காஸ்தெல்லெத்தோ மேட்டில் பால்கனியோடு ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். மிலானிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏன் அந்த ஊர் என்று கேட்டேன். "அங்க உட்கார்ந்த இடத்துலயே அப்பாவுக்குக் கப்பல் தெரியும்மா" என்றாள்.

போன அன்று சாயங்காலம் பால்கனிக் கதவைத் திறந்ததும் அவள் சொன்னது புரிந்தது. கீழே சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள். அவற்றுக்கு நடுவில் மணிக்கோபுரங்கள். அதற்கப்பால் துறைமுகம் முழுவதும் மறைப்பில்லாமல் விரிந்து கிடந்தது. வலது பக்கம் லாந்தெர்னா என்ற கலங்கரை விளக்கம். இப்போது இருக்கும் கோபுரம் 1543இல் கட்டியது, உயரம் 77 மீட்டர், அது நிற்கும் பாறை வேறு. இடது பக்கம் வெட்டவெளிக் கடல். சார்டீனியா, கோர்சிகா தீவுகளுக்குப் போகும் பெரிய ஃபெர்ரிகள் வாயைத் திறந்துகொண்டு லாரிகளை விழுங்கிக்கொண்டிருந்தன. அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏளா, இங்க வா. அந்தச் சின்னப் போட்டு போகுதுல்லா, அது பைலட் போட்டு. இப்ப வெளியில ஒரு கப்பல் காத்துக்கிட்டு நிக்கும் பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் ஒரு கப்பலின் முகம் தெரிந்தது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியும் அவர் வேலை பார்த்த இடத்தை நான் பார்த்ததே கிடையாது. மும்பைத் துறைமுகம் ஒரு நீளமான சுவருக்குப் பின்னால் இருக்கிறது. பி.டி'மெல்லோ ரோடு வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். சுவர், சுவரில் ஒரு கேட், கேட்டில் பாதுகாப்புப் படையினர், அப்புறம் மறுபடியும் சுவர். கிரீன் கேட், யெல்லோ கேட் என்று பெயர்கள் மட்டும் வீட்டுப் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஹார்பர் லைன் ரயிலில் டாக்யார்டு ரோடு ஸ்டேஷன் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் அங்கே நிற்கிற நேரத்தில் கப்பலின் ஒரு பக்கமோ கிரேனின் நுனியோ தெரியும். என் வீட்டுக்காரரின் அலுவலகத்தைப் பற்றி எனக்குக் கண்ணால் தெரிந்தது அவ்வளவுதான்.

வேலையைப் பற்றி அவர் வீட்டில் சொல்வதும் குறைவு. பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர், அப்ரைசர் வரவில்லை, ஷெட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொற்கள் வரும். சட்டையில் கிரீஸும் பருத்திப் பொதியின் தூசியும் வரும். பெரிய கப்பல்களெல்லாம் 1989இல் திறந்த நவ சேவா துறைமுகத்துக்கு மெல்ல மெல்லப் போனபோது அவரும் கூடவே போனார். விடிவதற்கு முன் கிளம்பி ராத்திரி வருவார். கப்பல் என்றால் என்ன, அது எப்படி உள்ளே வருகிறது, யார் கட்டுகிறார்கள், யார் இறக்குகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்த நாளில் அவர் அசதியாக இருப்பார்.

ஜெனோவா பால்கனியில் அவருக்கும் நேரம் இருந்தது, எனக்கும் நேரம் இருந்தது, எதிரே துறைமுகமும் இருந்தது. தினமும் காலையில் ஃபொக்காச்சா வாங்கிவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எண்ணெயும் உப்புக்கல்லும் மேலே மின்னும் தட்டை ரொட்டி அது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் காப்பியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள், உப்பு ரொட்டியைப் பால் காப்பியில். முதலில் தயங்கினேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

அவர் சொல்லச் சொல்லத் துறைமுகம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கப்பல் கேப்டன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு துறைக்குள் நுழையும்போது அந்த ஊர் பைலட்டைத்தான் நம்ப வேண்டும். பைலட் படகு ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகும். மேலேயிருந்து கயிற்றேணி இறங்கும். இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும்போதே பைலட் தாவி ஏணியைப் பிடிப்பார். மழை, காற்று, இருட்டு எதுவானாலும் இதே தாவல்தான். அவர் மேலே போனதும் டக் படகுகள் இரண்டு வந்து கயிறு வாங்கிக்கொள்ளும். ஒன்று முன்னால் இழுக்கும், இன்னொன்று பின்னால் தாங்கிப் பிடிக்கும். ஜெனோவாவின் பழைய துறை குறுகலானது. ஆயிரம் பேர் ஏறிய ஃபெர்ரி அந்த இடத்துக்குள்ளேயே நின்று திரும்பி, பின்பக்கமாகப் போய்க் கரையில் ஒட்டும். ஒரு நாள் அப்படி ஒன்று திரும்புவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தோம். கயிறு கட்டுகிறவர்களின் சின்னப் படகு வந்தது. தண்ணீருக்குள் தொங்கிய தடித்த கயிற்றை ஒருவர் கொக்கியால் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனார், இன்னொருவர் அதை இரும்புக் கட்டையில் மாட்டினார். கப்பலின் பின்கதவு இறங்கியது. முதல் லாரி வெளியே வருவதற்குள் என் காப்பி ஆறிப்போனது.

"பைலட் கண் தப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 2013 மே 7ஆம் தேதி இரவு இதே துறைமுகத்தில் நடந்ததைச் சொன்னார். ஒரு சரக்குக் கப்பல் வெளியே போகத் திரும்பும்போது கரையில் மோதியது. அங்கேதான் துறைமுகப் போக்குவரத்தைக் கவனிக்கும் கோபுரம் இருந்தது. ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமான அந்தக் கோபுரம் அப்படியே சரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். செய்தி வந்த நாளில் நவ சேவாவில் அவருடைய அலுவலகத்தில் எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். முன்பின் தெரியாத ஊரின் சாவுக்கு எங்கோ இன்னொரு துறைமுகத்தில் துக்கம் கேட்டிருக்கிறார்கள். இதை அவர் அன்றைக்கு வீட்டில் வந்து சொல்லவில்லை.

இருட்டினால் லாந்தெர்னாவின் வெளிச்சம் வரும். மே மாதத்தில் அங்கே எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் அதற்குள் சாப்பாடே முடிந்துவிடும். 20 விநாடிக்கு ஒருமுறை இரண்டு வீச்சு. உலகத்தில் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு, மாலுமி அந்தக் கணக்கை எண்ணியே எந்த ஊர் என்று தெரிந்துகொள்வான் என்றார். நானும் எண்ணிப் பார்த்தேன்.

அந்த வீட்டின் ஜன்னலையும் சொல்ல வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்த மரச் சட்டக் கதவு. அதன் கீழ்ப்பாதியில் தனியாக ஒரு மடிப்பு, வெளிப்பக்கமாகத் தூக்கி நிறுத்தும்படி கீல் வைத்திருக்கிறார்கள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். உட்கார்ந்தபடியே கீழே தெருவில் யார் போகிறார்கள் என்று பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்க்க முடியாது. பெண்களின் மதியப் பொழுதை நன்றாகத் தெரிந்த ஒரு தச்சர்தான் இதைச் செய்திருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சுவரில் இதே மாதிரி வரிசையாக ஜன்னல்கள். ஒரு நாள் மதியம் உற்றுப் பார்த்தபோதுதான் அவற்றில் இரண்டு வெறும் ஓவியம் என்று தெரிந்தது. சட்டம், நிழல், திறந்திருக்கும் மடிப்பு உட்பட எல்லாமே சுவரில் வரைந்தவை. அந்தக் கடற்கரை முழுக்க இப்படிச் சுவரில் ஜன்னல் வரைவது பழைய வழக்கம். நிஜ ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ஊர் சுற்றியே ஆக வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த, ரோல்லி என்ற பழைய பிரபுக்களின் மாளிகைகள் இருக்கும் கரிபால்தி தெருவுக்கு ஒரு காலை போதும் எங்களுக்கு. கொலம்பஸ் வீடு என்று காட்டுவது 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது, வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பொக்காதாசே என்ற மீனவர் கரை அழகுதான். ஆனால் அங்கே கூழாங்கல்லில் உட்கார்ந்திருப்பதைவிட எங்கள் பால்கனி எங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பெரிய ஆசை அந்த ஊரின் வண்டிகளில் ஏறுவது. சாந்தன்னா ஃபுனிக்குலர் 1891இல் ஓட ஆரம்பித்தபோது மின்சாரம் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது கீழே இறங்க, கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டி மேலே ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் கமலை இறைத்ததைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. இப்போது அதை மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். பால்பி தெருவிலிருந்து போகும் இன்னொரு லிஃப்ட் முதலில் சுரங்கத்துக்குள் 200 மீட்டருக்கு மேல் ரயிலாக நேரே ஓடும். பிறகு அதே பெட்டி லிஃப்டாக மாறி 70 மீட்டர் மேலே ஏறும். இறங்கி, மறுபடி கீழே போய், மறுபடி ஏறினோம்.

சாப்பாட்டில் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. பழைய ஊர்ச் சந்துக்குள் விறகு அடுப்புக் கடைகள் உண்டு. அங்கே ஃபரினாத்தா கிடைக்கும். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, ஒரு கை விரித்த அகலத்துக்கும் பெரிய செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். அடுப்பின் ஒரு ஓரத்தில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் நீளக் கம்பியால் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, மேலே புள்ளி புள்ளியாகக் கருகல். மிளகுத் தூள் தூவிச் சுடச்சுடத் தாளில் வைத்துத் தருவார். வேறு எதுவும் வேண்டாம். மீன் என்றால் நெத்திலி. மாவில் புரட்டிப் பொரித்து எலுமிச்சைத் துண்டோடு வரும். மும்பையில் மாந்தேலி மீனைப் பொரித்துத் தின்கிற நாங்கள் தலையோடு தின்று தீர்ப்பதைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். பெஸ்தோ என்ற பச்சைத் துவையலுக்கு அவர்கள் அரைக்கும் இலை நம்ம திருநீற்றுப்பச்சிலை இனம்தான். நகரின் மேற்குக் கோடியில் ப்ரா என்ற இடத்தில் விளைகிற சின்ன இலைதான் உசத்தி என்கிறார்கள். பளிங்கு உரலில், மர உலக்கையால், இலையைப் பூண்டோடும் பைன் கொட்டையோடும் நசுக்குகிறார்கள்.

பழைய துறைமுகத்துக்குக் கீழே இறங்கிப் போன நாள்தான் அவருக்கு மனசு கொஞ்சம் பாரமாயிற்று. அங்கே இப்போது சரக்குக் கப்பல் வருவதில்லை. கன்டெய்னர் வேலையெல்லாம் நகரின் மேற்கே தள்ளிப் போய்விட்டது. கொலம்பஸ் அமெரிக்கா போன 500ஆம் ஆண்டுக்காக 1992இல் அந்த ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ இந்தப் பழைய துறையைத் திருத்தி அமைத்தார். பழைய பஞ்சுக் கிடங்கு நீளமாக அப்படியே நிற்கிறது. அதற்குள் இன்று சினிமா, மாநாட்டுக் கூடம், சிறுவர் நூலகம் எல்லாம் இருக்கின்றன. கிரேன் மாதிரி ஒரு வெள்ளை இரும்பு வடிவம் தண்ணீரிலிருந்து கைகளை நீட்டி நிற்கிறது. சுவர் கிடையாது. கேட்டும் பாஸும் கிடையாது. தண்ணீர் ஓரத்தில் கப்பல் கயிறு மாட்டும் இரும்புக் கட்டைகளின் மேல் பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நம்ம காட்டன் கிரீன்தான்" என்று மும்பையின் பஞ்சுக் கிடங்குப் பகுதியைச் சொன்னார். "இதுக்குள்ள நம்ம பம்பாய்ப் பஞ்சும் வந்து இறங்கியிருக்கும்."

மும்பைத் துறைமுகத்திடம் ஏறத்தாழ 1,800 ஏக்கர் இருக்கிறது. பிரின்ஸஸ் டாக் 1880, விக்டோரியா டாக் 1888, இப்போது இந்திரா டாக் என்று அழைக்கிற அலெக்சாண்ட்ரா டாக் 1914. முதல் இரண்டிலும் கப்பல் வருவது நின்று எவ்வளவோ காலமாயிற்று. நகரத்தில் மூச்சுவிட இடம் இல்லை. ஆனாலும் கிழக்குக் கடல் இன்னும் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மேற்கே மெரின் டிரைவ் எல்லாருக்கும் உண்டு. கிழக்கே சிவ்ரியிலும் வடாலாவிலும் ரே ரோட்டிலும் இருப்பவர்களுக்குக் கடல் பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாது. அந்தக் கரையில் வாழ்ந்து, அந்தக் கரையில் சுமந்து, அந்தக் கரையின் கரித்தூளைச் சுவாசித்தவர்கள் அவர்கள்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து டாக்கில் சுமை தூக்கிய எத்தனை பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளாவது அந்தத் தண்ணீர் ஓரத்தில் உட்கார வேண்டும். கிழக்குக் கரையைத் திறக்கும் திட்டங்கள் பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கவலை, அங்கே கோபுர வீடுகள் வந்து சுவர் மட்டும் கண்ணாடியாக மாறிவிடக் கூடாதே என்பது. ஜெனோவாவில் செய்தது நூலகமும் நடைபாதையும். அதைத்தான் கேட்க வேண்டும்.

சான் லொரென்ஸோ பேராலயம் அங்கிருந்து நடக்கிற தூரம். வெளியே கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகக் கல். உள்ளே வலது பக்கம் ஒரு பெரிய குண்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், என் தோள் உயரத்துக்கு. 1941 பிப்ரவரி 9ஆம் தேதி பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து நகரைச் சுட்டபோது, 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று கோயில் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. நகரின் வேறு இடங்களில் விழுந்தவை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வகைக் குண்டுதான் அங்கே நிற்கிறது.

அதன் முன்னால் அவர் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அவர் எதை நினைக்கிறார் என்று தெரியும். மும்பை டாக்கில் வேலைக்குச் சேர்கிற யாருக்கும் மூத்தவர்கள் முதலில் சொல்லும் கதை 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். மத்தியானம் தீப்பிடித்தது. தீயணைக்கிறவர்கள் அணைத்துக்கொண்டிருக்கும்போதே மாலை 4 மணி 6 நிமிஷத்துக்கு வெடித்தது, அரை மணி நேரம் கழித்து மறுபடியும். தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் போய்விட்டார்கள். மொத்தம் எண்ணூறு பேருக்கு மேல். நாடு முழுக்க அந்தத் தேதியைத்தான் தீயணைப்போர் நினைவு நாளாக வைத்திருக்கிறோம். பல வருஷம் கழித்துத் தூர் வாரும்போதுகூட அந்தத் தங்கக் கட்டிகள் கிடைத்தன. "பஞ்சையும் மருந்தையும் சேத்து ஏத்தக் கூடாதுன்னு ஒரு கிளார்க்குக்குக்கூடத் தெரியும்" என்றார். அவர் குரலில் அப்போதும் கோபம் இருந்தது. தான் பிறப்பதற்கு முன் நடந்ததற்கு, தன் சொந்த வேலையில் நடந்த மாதிரி.

கடைசியாக, எனக்கென்று அந்த ஊர் வைத்திருந்த இடம். பழைய துறைக்கு எதிரே சான் ஜோர்ஜோ மாளிகை. 1260இல் கட்டியது, முகப்பு முழுக்க ஓவியம். 1407இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி இங்கேதான் இருந்தது. உலகின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று. இப்போது துறைமுக நிர்வாகம் இருக்கிறது. வங்கியில் இருந்த நானும் துறைமுகத்தில் இருந்த அவரும் ஒரே வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கட்டடம் வங்கியாவதற்கு முன் சிறையாகவும் இருந்திருக்கிறது. வெனிசோடு நடந்த போரில் ஜெனோவாக்காரர்கள் பிடித்த கைதிகளில் ஒருவர் மார்கோ போலோ. அவரை இங்கேதான் வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். 1298 வாக்கில், மார்கோ போலோ தன் பயணங்களைச் சொல்லச் சொல்ல, ருஸ்திகெல்லோ என்ற பைசா நகரத்துச் சகக்கைதி எழுதினார். அந்தப் பயணக் குறிப்பில் காயல் வருகிறது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் தங்கிப் போகும் பெரிய துறை, பாண்டியருடைய ஊர் என்று எழுதியிருக்கிறது. மாறவர்மன் குலசேகரன் ஆண்ட காலம். அந்தக் காயல், பழையகாயல்தான் என்று பிறகு கால்டுவெல் நிலத்தைத் தோண்டிப் பார்த்துச் சொன்னார். என் அம்மாவைப் பெற்ற ஊர் பழையகாயல்.

இன்றைக்கு அங்கே கப்பல் கிடையாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண், கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொற்கைக்கு முதலில் அப்படி ஆனது, பிறகு காயலுக்கு, அதற்கப்புறம்தான் தூத்துக்குடி. சின்ன வயதில் ஆச்சி வீட்டுக்கு விடுமுறைக்குப் போனால் உப்பளமும் வாழைத்தோட்டமும்தான் தெரியும். குதிரைக் கப்பல் வந்த ஊர் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த ஊரை நேரில் பார்த்த ஒருவர், அங்கே முத்து எடுத்தவர்களையும் குதிரை விற்றவர்களையும் பார்த்தவர், இந்தக் கடற்கரையில் அடைபட்டிருந்த நாட்களில் அதை நினைத்து நினைத்துச் சொல்லியிருக்கிறார். "உங்க அம்மா ஊரும் ஒரு காலத்துல இந்த மாதிரி இருந்திருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். அவள் அலுவலகத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஜெனோவாப் பெண்ணிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாளாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வீடு எடுத்தால் காஸ்தெல்லெத்தோவில் எடுங்கள். ஸ்டேஷன் பக்கத்திலோ துறையை ஒட்டியோ எடுத்தால் வசதிதான், ஆனால் துறைமுகம் தெரியாது. வீட்டை வாடகைக்கு விடுகிறவரிடம் எந்த லிஃப்ட் பக்கத்தில் இருக்கிறது, அது ராத்திரி எத்தனை மணிவரை ஓடும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், வாசலுக்கு எத்தனை படி என்பதையும் சேர்த்து. அக்டோபர், நவம்பர் வேண்டாம். அங்கே பெருமழை அப்போதுதான், 2011இலும் 2014இலும் வெள்ளம் வந்து உயிரிழப்பு ஆகியிருக்கிறது. ஃபரினாத்தா கடைக்கு விறகு அடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஒரு நாள் கீழே ஸெக்கா என்ற இடத்திலிருந்து மேலே ரீகி என்ற மேட்டுக்குப் போகும் ஃபுனிக்குலரில் ஏறுங்கள். முதல் பாதி சுரங்கம், அதற்கப்புறம்தான் வீட்டுக் கொல்லைகளும் பழமரங்களும் வரும். ஏறும்போது பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியோரம் இடம் பிடியுங்கள், துறைமுகம் அந்தப் பக்கம்தான்.